டீ குடிக்க அனுப்பும் மடிப்பு

புனிதாவுக்கு ரவிக்கை தைக்கத் தெரியாது. கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அவள் கை படாத கல்யாணப் புடவை குறைவு. கொசுவமும் முந்தானையும் முன்கூட்டியே மடித்து, அயன் போட்டுக் கொடுப்பாள்; மணப்பெண் எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டியதுதான். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. முன்பு பேங்க் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், யூடியூப் பார்த்து, அம்மாவின் புடவைகளைக் கருக்கிக் கற்றுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறாள். எல்லாம் சொல்லிக்கொடுப்பாள், ஒன்றைத் தவிர. கனமான ஜரிகை முந்தானையில் ஒவ்வொரு உள்மடிப்பையும் மேல்மடிப்பைவிட ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் தோளில் போட்டதும் விசிறி மாதிரி விரிந்து மானத்தை வாங்கும். அந்த இடம் வந்தால் மட்டும், "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று எல்லாரையும் கிளப்பிவிட்டுத் தானே மடித்து முடித்துவிடுவாள். கெட்டவள் இல்லை. கற்றுக்கொண்டவர்கள் கடை போட்டுவிட்டால் தன் பிழைப்பு என்னாவது என்ற பயம்தான்.

போன மாதம் கிள்ளானில் குமுதாவின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதக்காரர்கள். மேடையில் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் கூறைப்புடவையைப் பிரிக்கலாம் என்றுவிட்டார்கள். ஆசீர்வாதம் முடிந்து, நல்ல நேரம் போவதற்குள் அறையில் வைத்து மடித்து உடுத்தியாக வேண்டும். அந்த அவசரத்தில் ஸ்டீம் அயன் சரிந்து புனிதாவின் வலது கை வெந்துபோனது.

விரல் மடங்கவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். குமுதா கண் கலங்கி, "அக்கா, இப்ப எப்படிக்கா?" என்றாள்.

புடவைக்குக் குத்தும் பின் ஊசிகளை எடுத்துக் கொடுக்க வந்திருந்த சீதாலெட்சுமி மட்டும்தான் அறையில் உதவிக்கு இருந்தார். பூச்சோங்கிலிருந்து வகுப்புக்கு வருபவர், ஓய்வுபெற்ற கிளார்க்.

"ஆன்டி, நீங்க மடிங்க. நான் சொல்றேன்."

சொல்வதென்றால் அதையும் சொல்லியாக வேண்டும்.  புனிதா வாயைத் திறப்பதற்குள் சீதாலெட்சுமியின் விரல்கள் உள்மடிப்பை ஒரு நூல் குறைத்து வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போய்விட்டன.

"இத நான் வகுப்புல சொல்லலையே."

"சொல்லல லா. நீங்க மடிச்சுக் கொடுத்த புடவைய ஒருத்தவங்க மடிப்பு மடிப்பா பிரிச்சு வீடியோ எடுத்தாங்க. செராஸ்ல இருந்து வகுப்புக்கு வர்றவங்க ரூலர் வெச்சு அளந்தாங்க. எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிச்சோம். வாட்ஸப் குரூப்ல இருக்கு, ஒரு வருஷமாச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு உங்கள மட்டும் சேர்க்கல, டீச்சர்."

கோபப்பட்டுப் பார்த்தாள் புனிதா. வரவில்லை. ஒரு வருஷமாக ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்கு வரும் வேலை கூடித்தான் இருக்கிறது. இவர்கள் மட்டும் திருடிப் பழகாமல் இருந்திருந்தால், இந்த அவசரத்தில் இந்தப் பெண்ணின் கதி என்ன?

முந்தானை தோளில் அடங்கிப் படிந்தது. குமுதா மேடையேறினாள். கெட்டிமேளம் கேட்டபோது, ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு புனிதா அழுதாள். வலியில் இல்லை, அப்பாடா என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பில், கட்டுப்போட்ட கையோடு அந்த மடிப்புக்கு வந்தாள். யாரையும் டீ குடிக்க அனுப்பவில்லை. ஒரு நூல் கணக்கை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வகுப்பு முழுக்க, இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டது.