கண்ணாடியில் ஒட்டிய புள்ளி

அறுபதுகளில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஜப்பானிலிருந்து ஒரு வயிற்றுக் கேமரா வந்தது. நீளக் குழாயின் நுனியில் சின்னஞ்சிறு கேமரா, பக்கத்தில் குட்டி பல்பு. நோயாளி அதை முழுங்க வேண்டும். அறையை இருட்டாக்கினால் வயிற்றுத் தோலில் வெளிச்சம் தெரியும்; அதை வைத்துத்தான் குழாய் எங்கே நிற்கிறதென்று டாக்டர் கணிப்பார். உள்ளே இருப்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். கேமராவைத் துடைப்பதும் ஃபிலிம் கழுவுவதும் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

சிராங்கூன் ரோட்டில் நகைப்பட்டறை வைத்திருந்த பத்தர் ஒருவர் தீராத வயிற்று வலியோடு வந்தார். பெரிதாக்கிய இரண்டு படங்களில் கறுப்பாக ஒரு புள்ளி. புற்று என்று சந்தேகித்த டாக்டர், பாதி வயிற்றை வெட்டியெடுக்க நாள் குறித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் முழு ஃபிலிமையும் ஓட்டிப் பார்த்தேன். கேமராவை எந்தப் பக்கம் திருப்பி எடுத்த படத்திலும் புள்ளி அதே வலது மூலையில் இருந்தது. புற்று கேமராவோடு கூடவே நடந்து வராது. ஓடிப்போய் கேமராவைப் பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில், முந்தைய நோயாளியின் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த நோயாளிக்குப் பிறகு நான் கேமராவைத் துடைத்தது தைப்பூசத்துக்கு முதல் நாள். மறுநாள் பால்குடம் எடுக்கும் அவசரத்தில் நான் ஒப்புக்குத் துடைத்திருக்கிறேன்.

சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் வயிறு போய்விடும். வேலை போனால் போகட்டும் என்று காலையிலேயே டாக்டர் அறை வாசலில் நின்றேன். அவர் திட்டித் தீர்த்தார். மறுபடி படம் எடுக்கலாம், நோயாளியை நீயே சம்மதிக்க வை என்றார்.

பத்தருக்கு முதல் தடவை குழாய் முழுங்கியதில் வந்த தொண்டைப் புண்ணே ஆறவில்லை. அந்தக் குழாய்க்குக் கத்தியே தேவலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பு என்னோடது. நான் சரியா துடைக்கல. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்."

அவரும் திட்டினார், டாக்டரைவிட நன்றாக.

"உரைகல்லுல அழுக்கு இருந்தா தங்கத்தக் குத்தம் சொல்லக்கூடாது லா," என்றார் கடைசியில். "முழுங்குறேன். ஆனா ஃபிலிம நான் பாக்கணும்."

நாலு தடவை துடைத்துக் கொடுத்தேன். புதுப் படங்களில் அந்தப் புள்ளி இல்லை. வேறொரு இடத்தில் சின்னப் புண் இருந்தது. மருந்திலேயே ஆறிவிடும் என்று டாக்டர் ஆபரேஷனை நிறுத்தினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அது நியாயம்தான்.

பத்தர் பட்டறையிலிருந்து தன் பூதக்கண்ணாடியை வரவழைத்திருந்தார். கல் பார்ப்பதுபோல அதைக் கண்ணில் பொருத்தி, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

ஃபிலிமைத் திருப்பித் தந்தார்.

"இந்தத் தடவ ஒழுங்கா துடைச்சிருக்கீங்க," என்றார்.