வியன்னாவுக்குச் சொல்லாத செய்தி

என் மகள் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் மட்டும் வியன்னா நகரில் படிப்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். அக்டோபரில் புறப்பட்டு, சனவரி முடிந்ததும் திரும்ப வேண்டும். நகரமைப்பு அவளுடைய பாடம். அவள் அங்கிருந்த நான்கு மாதங்களில் நான் அடைந்த அச்சத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கிள்ளான் துறைமுகக் கிடங்கில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கிரேனின் கம்பி அறுந்து பெட்டி விழுந்ததைப் பத்தடி தூரத்தில் நின்று கண்டிருக்கிறேன். அந்தப் பயமெல்லாம் வேலை முடிவதற்குள் போய்விடும். இது அவ்வாறு போகவில்லை.

அவள் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே அது தொடங்கிற்று. அன்று அவள் அழைத்தபோது, அறையின் வெப்பக்குழாயருகே அமர்ந்து மெகி நூடுல்சை வேகவைக்காமலே கடித்துக்கொண்டிருந்தாள்.

"கடையெல்லாம் மூடிட்டாங்கப்பா. சண்டேனா இங்க ஒண்ணும் தொறக்க மாட்டாங்களாம்."

"ஒரு மாமாக் கடைகூடவா இல்ல?"

"மாமாக் கடைக்கு நான் கிள்ளானுக்குத்தான் வரணும் லா."

அவள் சிரித்தாள். மாமாக் கடைகளில் இருபத்து நான்கு மணி நேரமும் சுடச்சுட ரொட்டி சானாய் கிடைக்கும் ஊரில் வாழ்ந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டமாரானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டாவது கடிகாரம் ஒன்றை மாட்டி, அதை வியன்னா நேரத்துக்குப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்று டிசம்பரில் அவள் சொன்ன பிறகு, அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதே எனக்கு வேதனையாயிற்று.

அதே டிசம்பரில் என் மனைவியின் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாகத் தெரிய வந்தது. சனவரி முதல் வாரத்தில் அதை அகற்றிவிட வேண்டும் என்றும், அகற்றிய பின் சோதித்தால்தான் அது புற்றா இல்லையா என்று கூற முடியும் என்றும் அரசாங்க மருத்துவமனையில் சொன்னார்கள். வீடு திரும்பும் வழியில், காருக்குள் வைத்தே மனைவி ஆணையிட்டாள்.

"அவ கடைசி ப்ரசண்டேசன் முடியற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சா மறுநாளே ஏறி வந்துருவா. வந்தா அந்த செமஸ்டரே போச்சு. திரும்ப ஒரு வருசம்."

"உனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுனா?"

"ஆச்சுனா அப்ப சொல்லிக்குங்க. ஒங்க குடும்பத்துக்கு அதச் சொல்லிக் குடுக்கணுமா என்ன?"

அவள் குத்திக்காட்டியதில் நியாயம் இருந்தது. தொலைவில் இருப்பவருக்குக் கெட்ட செய்தியைக் குறைத்துச் சொல்வது எங்கள் வழக்கம். கேரி தீவுத் தோட்டத்தில் என் அண்ணன் இறந்த அன்று எனக்கு வந்த அழைப்பு, "அண்ணனுக்குக் கொஞ்சம் முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பதே. பத்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, வழியில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டின் முன் கூடாரம் போட்டிருந்தார்கள்.

ஆகவே மறைப்பதென்று முடிவாயிற்று. ஆனால் என் மனைவியின் மூக்குத்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அறுவையின்போது உடலில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று மருத்துவமனைத் தாதி சொல்லிவிட்டார். திருமணத்துக்கு முன் போட்ட திருகாணி. முப்பத்தொரு ஆண்டுகளாகக் கழற்றியதே இல்லை. சவர்க்காரம், தேங்காய் எண்ணெய் எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு பத்தரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வெட்டித்தாண்ணே எடுக்கணும். என்னக்கா, அண்ணனக்கூட இவ்ளோ இறுக்கமாப் பிடிச்சு வச்சிருக்க மாட்டீங்க போல."

"அவரக் கழட்டி விடத்தான் ஆள் தேடிக்கிட்டு இருக்கேன் பத்தரே. ஒங்களுக்குத் தெரிஞ்ச எடம் இருக்கா?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பி அறுந்த அந்த மெல்லிய ஒலியைக் கேட்டு நான் நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மகள் நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு, அவளுக்குக் காலை ஒன்பது, காணொளியில் அழைப்பாள். வெறும் மூக்கைக் கண்டால் உடனே கேட்டுவிடுவாள். மனைவி அதற்கும் வழி கண்டாள். ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து வெள்ளைக் கல் பொட்டு ஒன்றை எடுத்து மூக்கில் ஒட்டிக்கொண்டாள். இரண்டு நாள்கள் அதுவே போதுமானதாயிருந்தது.

அறுவை சிகிச்சையன்று, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் பினாங்கு போகிறோம் என்று மகளிடம் பொய் சொன்னேன். அவள் திருமண வீட்டுப் படம் கேட்டாள். அறுவை அறைக்கு வெளியே நெகிழி நாற்காலியில் அமர்ந்தபடி, பழைய திருமணம் ஒன்றின் பந்திப் படத்தைத் தேடி அனுப்பினேன். "வாழ இலையப் பாத்தா பசிக்குதுப்பா" என்று பதில் வந்தது. கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அவளுடைய தாய்க்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், இந்தப் பந்திப் படத்தை அவள் வாழ்நாள் முழுவதும் வைத்திருப்பாளே என்று எண்ணினேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் நான்கு மணிக்கு, மகளுடன் பேசியே ஆக வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். ஒரு கையில் மருந்துநீர் ஏறிக்கொண்டிருந்தது, மறு கையை உயர்த்த வலுவில்லை, மூக்குக்கண்ணாடியும் அணியவில்லை. மருத்துவமனைத் தலையணை உறையைத் துண்டால் மறைத்து, கல் பொட்டை நானே ஒட்டிவிட்டேன். அவளுக்கு எதிரே நின்று என் வலக்கைப் பக்கமாக ஒட்டினேன்.

மகள் இரண்டு நிமிடம் பனியைப் பற்றிப் பேசினாள். பிறகு பேச்சை நிறுத்தி, திரையருகே குனிந்து பார்த்தாள்.

"அப்பா, அம்மா மூக்குத்தி ஏன் அந்தப் பக்கம் இருக்கு?"

முப்பத்தொரு ஆண்டுகளாக நான் தினமும் பார்த்த முகம் அது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் மறைக்க இயலவில்லை. தாழ்வாரத்துக்கு வந்து உண்மையைச் சொன்னேன். கட்டி ஒன்று இருந்தது, அரசாங்க மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள், அம்மா நன்றாக இருக்கிறாள், சோதனை முடிவு இரண்டு வாரத்தில் வரும். ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. அவள் அழவில்லை. எனக்குப் பெரும் அச்சத்தைத் தந்தது அதுவே.

"கொஞ்சம் முடியல, அப்படித்தானே?" என்றாள். "பெரியப்பாவுக்கும் கொஞ்சம்தான் முடியல. ஆரஞ்சு வாங்கிட்டுப் போனோம்."

"இல்லம்மா, சத்தியமா..."

"எவ்ளோ நாள் குடுத்திருக்காங்க? அத மட்டும் சொல்லுங்க."

நான் சொன்ன உண்மையை அவள் எங்கள் வழக்கப்படியே பெருக்கிப் புரிந்துகொண்டாள். எவ்வளவு உறுதி கூறினாலும் அது மேலும் ஒரு மறைப்பாகவே அவளுக்குப் பட்டது. தொடர்பைத் துண்டித்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்துத் தாதி ஒருவர் வந்து, "அங்கிள், உங்க மகள் கவுண்டருக்குப் போன் பண்ணி எல்லாம் விசாரிச்சாங்க" என்றார். தாதி சொன்னதையும் அவள் முழுமையாக நம்பவில்லை. நான் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று ஐயுற்றாள். சோதனை முடிவை மருத்துவர் வாயால் தானே கேட்க வேண்டும், அதுவரை பெட்டியைக் கட்டி வைத்திருப்பேன், ஒரு சொல் தவறினாலும் ப்ரசண்டேசனை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று செய்தி அனுப்பினாள். கூடவே ஒரு படமும் வந்தது. கட்டிலின் மேல் பூட்டிய பெட்டி. அதன் மேல் பயணக் கடப்பிதழ்.

அந்த இரண்டு வாரங்களும் எனக்கு அச்சம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. முடிவு கெட்டதாயிருந்தால் மனைவியை இழப்பேன். நல்லதாயிருந்தாலும் மகள் நம்பாமல் வந்துவிட்டால், அவள் ஓராண்டு உழைத்துப் பெற்ற வாய்ப்பு என்னால் அழியும். இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். மனைவியோ படுத்தபடியே தொலைக்காட்சித் தொடர் பார்த்தாள். "என்னமோ உங்களுக்குத்தான் வெட்டி எடுத்த மாதிரி இருக்கீங்க" என்றாள்.

முடிவு சொல்லும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். அங்கே காலை ஏழு மணி. அவளுடைய ப்ரசண்டேசனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மருத்துவரின் கதவைத் தட்டுவதற்கு முன்பே கைப்பேசியில் அவளை அழைத்து, உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போனேன். மருத்துவர் இளம் தமிழ்ப் பெண்.

"மகள் வியன்னாவில படிக்கிறா, டாக்டர். அவளும் கேக்கணுமாம்."

அவர் கோப்பைத் திறந்தார்.

"ஆன்டி, கட்டி கேன்சர் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ செக்கப் வந்தாப் போதும்."

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். கைப்பேசியிலிருந்து குரல் வந்தது.

"டாக்டர், அந்த ரிப்போர்ட்ட கேமராகிட்ட காட்டுங்க ப்ளீஸ். முழுசா. கீழ சைன் இருக்கற எடம் வரைக்கும்."

"லாயருக்கா படிக்கிறாங்க, அங்கிள்?" என்று மருத்துவர் சிரித்துவிட்டு, தாளைத் திரையருகே பிடித்தார். அவள் வரி வரியாகப் படித்தாள். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். அவர் விளக்கினார். அவள் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

வெளியே வந்ததும் கேட்டேன். "இப்ப நம்புறியாம்மா?"

"டாக்டர நம்புறேன்பா."

மனைவி கைப்பேசியை வாங்கி, பெட்டியை அவிழ்த்துத் துணிகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு என்னிடம் திருப்பித் தந்தாள்.

"ப்ரசண்டேசன் முடிஞ்சதும் எப்படிப் போச்சுனு சொல்லு" என்றேன்.

"நல்லாப் போகலனா? அதையும் சொல்லணுமா, இல்ல கொஞ்சம் கொறச்சுச் சொல்லணுமா?"

"உள்ளபடி சொல்லு."

"சரிப்பா" என்றாள். அதை முடித்துவிட்டு அவள் அழைக்கும் வரையில், அந்த இரண்டு நாளும், நான் மறுபடியும் பயந்துகொண்டிருந்தேன்.