சைக்கிள் ஸ்டாண்டில் களி

கான்டீனில் என் டப்பாவைத் திறந்ததும் எங்கள் குவாலிட்டி மேனேஜர் கேட்டார்: "என்னப்பா, எந்த ஜெயில்ல இருந்து ரிலீஸ்?"

மேஜையே சிரித்தது. டப்பாவில் இருந்தது ராகிக் களி. மற்ற ஊர்களில் களி என்றாலே சிறைச்சாலை. போலீஸ்காரர் மிரட்டினாலும் அதுதான், படத்தில் வில்லன் மாட்டினாலும் அதுதான். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரனான எனக்கு அது மதியச் சாப்பாடு. "எங்க வீட்ல மூணு வேளையும் ஜெயில்தான் சார்," என்றேன். ஓசூரில் வீடு கட்டிக் குடியேறிவிட்ட மனிதர் அவர். தினமும் கார் கண்ணாடிக்கு வெளியே ஓடும் வயல்களில் என்ன விளைகிறது என்று ஒருநாளாவது யாரிடமாவது கேட்டிருப்பாரா?

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் படித்தது மெக்கானிக்கல். கலக்கினால் இளகி, விட்டால் இறுகி நிற்கிற பொருள்களுக்கு எங்கள் வகுப்பில் சொன்ன உதாரணம் தக்காளி சாஸ். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் களி கிண்டுகிறவர்கள். கொதிக்கிற நொய்க் கஞ்சியில் ராகி மாவு விழுந்ததும் துடுப்பு எப்படிக் கனக்கும் என்று கைக்குத் தெரிந்தவர்கள். பரீட்சையில் எல்லோரும் தக்காளி சாஸ் என்றே எழுதினோம். நம் அடுப்பில் நடப்பதைப் பாடமாக நினைக்க விடாத படிப்பு என்ன படிப்பு?

அந்தக் கான்டீனில் என்னைப் போலவே களி கொண்டுவருகிறவர் ஒரு அக்கா. அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்குகிறவர். சூளகிரிப் பக்கம், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். அவருக்குச் சர்க்கரை. அரிசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். எங்கள் கான்டீனிலோ சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சாதம் கொடுக்காத குறைதான். அதனால் அவருக்கு அந்த டப்பாதான் மருந்தும்.

அப்போது ஒரு நோட்டீஸ் வந்தது. பெங்களூரிலிருந்து கஸ்டமர் ஆடிட் வரப்போகிறதாம்; சுகாதாரம் கருதி வெளி உணவுக்குக் கான்டீனில் அனுமதி இல்லையாம். தமிழ், ஆங்கிலம், இந்தி என மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள். லைனில் பாதிப் பேர் பேசுகிற தெலுங்கும் கன்னடமும் அதில் இல்லை. எனக்கு அதுவே முதல் எரிச்சல். மறுநாள் அக்கா சைக்கிள் ஸ்டாண்டில், ஆயில் சொட்டிய தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி மொறைக்கிற? சானமாவு காட்டு யானை கேட் பாஸ் இல்லாம போய் ராகி துன்னுட்டு வருது. நமக்குத்தான் ரூல்ஸ்."

சிரிப்பு வரவில்லை எனக்கு. நேரே கான்டீன் காண்ட்ராக்டரிடம் போனேன். "நீங்களே களி போடுங்களேன்." அவர் கையை விரித்தார். "இத்தனை பேருக்கு யாரு சார் கிண்டுறது? தோள்பட்டை கழண்டுடும்." நியாயமான பதில். அது பொறியியல் கேள்வி, அதனால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய கியர் மோட்டார், துடுப்பு மாதிரி வளைந்த இரண்டு எஃகுப் பட்டை, பாத்திரத்தைச் சாய்க்க ஒரு கைப்பிடி. வரைந்து எடுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, நாம கியர்பாக்ஸ் கம்பெனி. கூழ் கம்பெனி இல்ல." களிக்கும் கூழுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் மேற்கொண்டு என்ன பேச?

ஆடிட் நாள் வந்தது. விருந்தினர் மேஜையில் கண்ணாடிக் கிண்ணங்கள். கிண்ணத்துக்கு ஒன்றாக எலுமிச்சை அளவில் ராகி உருண்டை, தலையில் ஒரு புதினா இலை. ஓட்டலில் ஆர்டர் கொடுத்து வரவழைத்தது. "எங்க மண்ணோட பாரம்பரிய உணவு சார், சூப்பர் ஃபுட்," என்று மேனேஜர் விளக்கிக்கொண்டிருந்தார். ஜெயில் எப்போது பாரம்பரியமானது?

ஆடிட்டருக்குக் கர்நாடகத்தில் மண்டியா பக்கம்; அங்கே களிக்குப் பெயர் முத்தே. உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார். "இது முத்தேனா?" என்றார் கன்னடத்தில், சிரித்துக்கொண்டே. பிறகு ஆங்கிலத்தில், இங்கே நிஜமான முத்தே எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

ஃபைலோடு பக்கத்தில் நின்ற நான் சொன்னேன்: "சைக்கிள் ஸ்டாண்டுல, சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம பையன் தமாஷ் பண்ணுவான்," என்று மேனேஜரும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு ஸ்டீல் மேஜையும் பெஞ்சும் வந்து இறங்கின. கூடவே போர்டு: 'வெளி உணவு அருந்துமிடம்'. "ஜெயிச்சுட்ட போ," என்று என் முதுகில் தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பான கேள்விக்குக் கச்சிதமாக வெல்டிங் செய்த பதில் அது. ஒருத்தரைத் தள்ளிவைத்துவிட்டு, தள்ளிவைத்த இடத்துக்கு மேஜை போட்டுக் கொடுப்பதற்குப் பெயர் வசதியா?

அக்கா அந்த மேஜையைச் சுற்றிவந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகக் கான்டீனுக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் செக்யூரிட்டி, ஒடிசாக்காரர், நோட்டீஸைக் காட்டினார். அக்கா அதை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"நாக்கு தெலீதண்ணா," என்றார் தெலுங்கில், எனக்குத் தெரியாதண்ணா என்று.

செக்யூரிட்டி இந்தியில் சொன்னார். அக்கா தெலுங்கில் தலையாட்டினார். செக்யூரிட்டி உடைந்த தமிழில் ஆரம்பித்தார். அதே தமிழில் என்னோடு மணிக்கணக்காகச் சண்டை போடுகிற அக்கா, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு மறுபடியும், "நாக்கு தெலீதண்ணா."

பின்னால் வரிசை நீண்டது. லைனில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் டப்பாக்களைத் துப்பட்டாவுக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்கள். அவர்களுக்கும் திடீரென்று தமிழ் மறந்துபோயிருந்தது. செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். படித்தவன், மொழிபெயர்த்துச் சொல்வான் என்று நினைத்திருப்பார்.

"எனக்கும் தெலீதண்ணா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மேனேஜர் மேஜைக்கு அடுத்த மேஜையில், அக்காவுக்கு எதிரே டப்பாவைத் திறந்தேன்.