மூன்று முறை உப்பு விழுந்த நோன்புக் கஞ்சி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ரமலான் மாதம். அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் எம்.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வேலை கிடைக்குமா என்ற கவலை தூக்கத்தைக் கெடுத்த காலம்.

எங்கள் பள்ளிவாசலுக்குத் தொழ வரும் ஒரு பாய், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மேனேஜர். அங்கே ஒரு வேலை காலி என்று தெரிந்ததும் நானும் என்னோடு படித்த இரண்டு பேரும் போய் நின்றோம்.

"சர்ட்டிபிகேட் எல்லார்கிட்டயும் இருக்கு. அமானிதம், அதான் நம்பி ஒப்படைச்சதைக் காப்பாத்தறது, பொறுமை, கலந்து பேசி செய்யறது, இதெல்லாம் உங்ககிட்ட எவ்ளோ இருக்குன்னு பார்க்கணும். நாளைக்கு நோன்புக் கஞ்சி உங்க பொறுப்பு. நான் மார்க் போடறேன்" என்றார்.

விடுவோமா? மறுநாள் மாலை அஸர் தொழுததும் பள்ளிவாசலில் அடுப்பை மூட்டினோம். ஆளாளுக்கு மேனேஜர் கண்ணில் படும்படி ஓடி ஓடி வேலை செய்தோம். எங்களுக்குள் பேச்சே கிடையாது.

நோன்பு வைக்காதவர் என்றாலும் தினமும் கஞ்சி வாங்க வரும், பள்ளிவாசலுக்கு எதிர்வீட்டு ஆட்டோக்காரர், குழந்தைக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குச் சீக்கிரமே தூக்கோடு வந்தார். ஊற்றிக் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துப் பார்த்தவருக்கு முகம் கோணிவிட்டது.

"இன்னா நைனா, கடல் தண்ணிய மொண்டுகினு வந்து காய்ச்சினீங்களா?"

அப்போதுதான் மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்டோம். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், மூவருமே உப்புப் போட்டிருக்கிறோம். நோன்பு வாய், ருசி பார்க்கவும் வழியில்லை. வேலை போனால் போகட்டும், பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்களுக்கு எதைக் கொடுப்பது?

"அண்ணே, போயிடாதீங்க. எங்களால வாயில வைக்க முடியாது. நீங்கதான் ருசி பார்த்துச் சொல்லணும்" என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒருவன் இன்னொரு அண்டாவில் உப்பில்லாமல் நொய்யைப் போட, மற்றவன் விறகைத் தள்ள, நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன்.

"இன்னும் கரிக்குது... இன்னும் ஊத்து... ஆங், இப்ப சோக்கா கீது மாமே."

பாங்கு சொல்வதற்குள் எல்லோர் முன்னாலும் கிண்ணம் வந்துவிட்டது. குழந்தைக்கும் தூக்கு நிறைய ஊற்றினோம்.

நோன்பு திறந்ததும் மேனேஜர் சிரித்துக்கொண்டே ஆட்டோக்காரரிடம், "மார்க்கை நீங்களே போடுங்க" என்றார்.

"உப்பு போட்டதுக்கு மூணு பேருக்கும் முட்டை மார்க்குதான், பாய். ஆனா என்னைப் புட்சிகினு உடல பாரு, அந்தத் தம்பிக்கு வேலைய குடுத்துரு."

கொடுத்தார். நண்பர்கள் இருவரும் முதுகில் ஓங்கி ஆளுக்கொன்று வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு எத்தனையோ பேரை நானே வேலைக்கு எடுத்திருக்கிறேன். 'இது என்னால முடியாது, நீங்க சொல்லுங்க' என்று கூச்சமில்லாமல் கேட்கிற பிள்ளை எதிரே வந்து உட்கார்ந்தால், எனக்கு இன்றும் மனசு நிறைந்துபோகிறது.