கிணற்றுக்கென்று செய்தது

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது என் தங்கை ஒரு காபித்தூள் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். தோள்பை நழுவி முழங்கைக்கு வந்திருந்தது. அதைச் சரிசெய்யக்கூட அவள் ஒரு கையை எடுக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஒரகடத்தில் வண்டி மாறி, அந்தக் குண்டும் குழியுமான சாலை முழுக்க அப்படியேதான் வந்திருக்கிறாள்.

"உள்ள என்னட்டி?" என்றேன்.

"என் படிப்பு மொத்தமும் இதுக்குள்ளதான் கெடக்குக்கா."

பாட்டிலுக்குள் கருகிய பொரி போல ஏதோ இருந்தது. வாங்கிப் பார்த்தேன். வெறும் பாட்டிலின் கனம்தான் இருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். தங்கை சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. அம்மா எங்கள் சிறுவயதிலேயே போய்விட்டதால் அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தது வரை நான்தான். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்துவிடுவாள்; திங்கள் காலையில்தான் திரும்புவாள். அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ஆனாலும் அவள் பேசிக்கொண்டே இருக்க, நான் துணி துவைத்துக்கொண்டே கேட்பது எனக்கு வாரம் முழுவதற்குமான ஓய்வு.

வீட்டுக்காரப் பெண்மணியை நாங்கள் இருவரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மாடுகளும், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நெல்வயலும், அதற்கு ஒரு கிணறும் அவருக்கு இருந்தன. மேட்டில் புதிதாகத் தொழிற்சாலை ஷெட்டுகள் வந்தபின், ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் படரத் தொடங்கியது. வெயில் பட்டால் மயில்கழுத்து நிறத்தில் மினுங்கும். எங்கிருந்து வருகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தை போய்க் கேட்காத இடமில்லை. "மாடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கினு போவுது, இன்னா பண்றது?" என்பார்.

அன்றைக்குத் தங்கை அந்தக் கிணற்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீர் இறைத்து முற்றத்தில் வைத்தாள். பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தூவினாள். கருந்துகள்கள் நீரில் நனையாமல் மிதந்தன. எண்ணெய்ப் படலம் மட்டும் அவற்றை நோக்கி மெல்ல நகர்ந்து காணாமல் போனது. பிறகு, ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்த காந்தத்தை எடுத்து வாளியின் வெளிப்பக்கமாக வைத்து இழுத்தாள். துகள்கள் எல்லாம் எறும்புக்கூட்டம் போல வரிசைகட்டி அந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டன. வாளியின் அடி தெரிந்தது. அத்தை குனிந்து பார்த்தார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து வாளியின் அருகே நிறுத்தினார். மாடு முகர்ந்தது, குடிக்கப் போனது. "அய்யோ, குடிக்க விடாதீங்க அத்தை, இன்னும் சோதிக்கணும்" என்று தங்கை பதறித் தடுத்தாள். அத்தையோ அழுதுகொண்டிருந்தார்.

"கெணத்துக்கே போட்டுடேன் கண்ணு."

"இந்த ஒரு கைப்பிடி செய்யவே ரொம்ப நாளாகுது அத்தை" என்று தங்கை சிரித்தாள். இரவு சாப்பிடும்போது எனக்கு விளக்கினாள். இரும்புத் தூள் கலந்து, நுங்கு மாதிரி ஒன்று செய்ய வேண்டும். அதைச் சும்மா உலர்த்தினால் உள்ளிருக்கும் நுண்ணிய துளைகள் எல்லாம் சுருங்கி மூடிவிடும். சாராயத்தில் ஊறவைத்து, மூடிய இரும்புக் கலத்தில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தால்தான் துளைகள் அப்படியே நிற்கும். அந்தத் துளைகளில்தான் எண்ணெய் போய் அடையும். "ஓட்டைதான்க்கா வேலை செய்யுது, பொருள் இல்ல" என்றாள்.

சில வாரங்கள் கழித்து, சூப்பர்வைசர் என்னை லைனிலிருந்து கூப்பிட்டார். கல்லூரியிலிருந்து போன் வந்திருந்தது. ஆய்வகத்தில் பெரிய கலம் ஒன்றில் முதல்முறையாகச் செய்து பார்த்திருக்கிறாள். மூடியின் ஓரம் கசிந்து, சாராய ஆவி தீப்பிடித்துவிட்டது. அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், கொசுவலைக்குள் வாழையிலை மேல் கிடந்தாள். முகம் மட்டும் என் தங்கையின் முகமாகவே இருந்தது. அது எனக்கு ஆறுதலா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை.

நினைவு தெளிவாக இருந்த ஒரு பொழுதில் என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"அது கெணத்துக்குன்னுதான் செஞ்சேன். அத்தைட்ட சொல்லிராதக்கா. தாங்க மாட்டாக."

"பேசாதட்டி" என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

வெளியே வராந்தாவில் அத்தை ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். யாரும் குடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் தினமும் பஸ் ஏறிக் கொண்டுவந்தார். எல்லாம் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க கெணத்துக்காவவாம்மா?" என்றார்.

"இல்லத்தை. பரீட்சைக்குச் செஞ்சது. அவ படிப்புக்கு."

கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தார். "ஆமா, படிக்கிற புள்ள" என்றார்.

அதற்குப் பிறகு பின்கட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வேறு கம்பெனி, கல்யாணம், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வீடு என்று வாழ்க்கை என்னை இழுத்துக்கொண்டு போனது. இப்போதெல்லாம் இதுபோன்ற பொருட்களைப் பற்றிச் செய்தித்தாளில் எப்போதாவது ஒரு துண்டுச் செய்தி வருகிறது. எண்ணெயை உறிஞ்சும், காந்தத்தால் திரும்ப எடுக்கலாம், கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கும். புதிய முறைகளில் அவ்வளவு அழுத்தம்கூட வேண்டியதில்லையாம். அந்த வரியை மட்டும் என்னால் ஒருபோதும் முழுதாக வாசிக்க முடிந்ததில்லை.

அத்தை வழுக்கி விழுந்து படுக்கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சென்ற மாதம் பார்க்கப் போனேன். வயல் இருந்த இடத்தில் ஒரு கிடங்கின் மதில். கிணறு எந்த இடம் என்றே தெரியவில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் கொடுத்தார்கள். மருமகள் அடுப்படிக்குப் போனதும் அத்தை என்னை அருகே உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில பரீட்சைக்குன்னு சொன்னியே."

"ஆமாத்தை."

"நீ ஷிஃப்ட்டுக்குப் போன அப்பால, ஒரு திங்கக்கெழம காலைல, உன் தங்கச்சி என்னாண்ட கயிறு வாங்கிச்சு. கல்லு கட்டி உட்டுக் கெணத்த அளந்துச்சு. எம்மாந் தண்ணி கீது, எவ்ளோ செய்யணும்னு கணக்குப் போட்டுக்கினே இருந்துச்சு. அக்காவாண்ட சொல்லாதீங்க, திட்டும்னுச்சு."

"ஏன் அத்தை இத்தனை நாளா சொல்லல?"

"நீ எனக்காவ பொய் சொன்ன. நான் உனக்காவ நம்பிக்கினேன்."

"அந்தப் பொய்ய நானாச் சொல்லலத்தை" என்றேன். "உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு அவதான் கேட்டுக்கிட்டா."

அத்தை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அந்த நெலமையிலயா?" என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.