வடைக்குத் திரும்பிய வேட்டை நாய்

எங்கள் வீட்டில் வளர்ந்த வேட்டை நாய் வெள்ளிக்கிழமைகளில் சைவம். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மெல்பேர்னின் வடக்கு ஓரத்துக் கிரெய்கிபர்னில் எங்கள் குசினிக்குள் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் நுழையாது. மனிதருக்கு ஒரு சட்டம், நாய்க்கு ஒரு சட்டம் என்று அம்மா வைத்திருக்கவில்லை.

நாய் உண்மையில் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர் முடிந்த பிறகு படகில் வந்தவர். முகாமிலிருந்து வெளியே விட்டதும், மெல்பேர்னுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு செரித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பொதி கட்டும் கொட்டகைக்குப் பின்னால் முதலாளி அவருக்கு ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் அங்கே போய் ஞாயிறு வரை தங்குவோம். அப்போது எனக்குப் பத்து வயது. மாமா கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்குச் சிரிப்பார். அவ்வளவுதான் அவரோடு பேச்சு.

அங்கே போன முதல் காலையை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் மரங்களின் இடுப்புவரை நின்றது. அதற்குள்ளிருந்து குதிரை அளவு மிருகம் ஒன்று வெளியே வந்தது. செரி மரத்தின் தளிர்களை ஆற அமரக் கடித்துத் தின்றது. பிறகு வந்த வழியே மூட்டத்துக்குள் போய்விட்டது. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் இன்னும் நித்திரையில்தான் இருக்கிறேனோ என்று என் கையை நானே கிள்ளிப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற மாமா, “உது எங்கட மரை எல்லோ” என்றார். வன்னிக் காட்டில் பார்த்த அதே பெரிய மான் சாதி. யாரோ வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து விட்டதாம். இப்போது மலை முழுக்கப் பெருகி, தோட்டம் தோட்டமாக இறங்குகிறதாம். அப்பாவுக்கு இது போதாதா? அவையும் எங்களைப்போலக் கடல் வழியே வந்தவைதான், ஆனால் அவற்றிடம் யாரும் விசா கேட்கவில்லை என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலாளிக்கு அது பகிடியாக இல்லை. தளிர் போனால் அந்த வருடப் பழம் போகும். கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்தால் மரமே போகும். அதனால் அவர் துவக்கு வைத்திருந்தார். ஆனால் வயது போனவர், கை நடுங்கும். வெடி பட்ட மரை பள்ளத்துப் புதருக்குள் ஓடிவிட்டால் பிறகு அதை எடுப்பது எப்படி? அதற்குத்தான் ஒரு சின்ன நாய் வேண்டும் என்றார். பெரிய நாய் என்றால் துரத்திக்கொண்டு ஓடிவிடும். குட்டை நாய் முள்ளுப் புதருக்கு அடியால் நுழையும், மனிதனின் நடைக்கு நடக்கும், மூக்கைத் தவிர வேறொன்றையும் நம்பாது. மாமா துவக்கைத் தொடவே மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நாயைப் பழக்குகிற வேலையை மட்டும், யாரும் கேட்காமலே, தானாக ஏற்றுக்கொண்டார்.

குட்டி எடுக்கப் போனபோது நானும் போனேன். கட்டைக்கால், நீள முதுகு, முள்ளு முள்ளாக முடி. ஐந்து குட்டிகள். நெஞ்சில் வெள்ளை உள்ள ஒன்று ஓடிவந்து என் சப்பாத்து நாடாவைக் கடித்தது. அதுதான் என்று நான் முடிவெடுத்துவிட்டேன். மாமா ஒரு சட்டி மூடியைச் சீமெந்துத் தரையில் போட்டார். சத்தத்துக்குப் பயந்து இரண்டு குட்டிகள் தாயிடம் ஓடின. பிறகு மான் தோல் துண்டு ஒன்றைப் புல்லில் வளைத்து வளைத்து இழுத்துப்போய் ஒளித்துவைத்தார். நெஞ்சில் வெள்ளை உள்ளது இரண்டடி போய், என் ஞாபகம் வந்து, திரும்பி வந்துவிட்டது. மூலையில் கிடந்த ஒரு மண்ணிறக் குட்டி மட்டும் எங்களில் ஒருவரையும் பார்க்காமல், இழுத்த தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் வளைந்து போய்த் தோலின்மேல் படுத்துக்கொண்டது. மாமா அதைத் தூக்கினார். வரும் வழியெல்லாம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவருக்கு அது தெரிந்ததோ என்னவோ.

அப்பா அதற்கு முருங்கை என்று பெயர் வைத்தார். நீளத்தைப் பார்த்து வைத்த பெயர். மாமா பகல் முழுவதும் மரங்களுக்கிடையில் நின்றதால், குட்டி முதல் ஆறு மாதம் எங்கள் வீட்டில் வளர்வது என்று முடிவாயிற்று. ஒரு கிழமை போகவில்லை, நெஞ்சில் வெள்ளை உள்ளதை நான் மறந்துபோனேன். முருங்கை என் கட்டிலுக்குக் கீழே படுக்கும். அது கனவில் மோப்பம் பிடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் மாமா வருவார். எங்கள் தெருவுக்கு அப்பால் அப்போது வீடுகள் இல்லை. பெயர்ப் பலகை நட்ட வெறும் நிலம்தான், குளிர்காலம் முழுக்க அதன்மேல் பனிமூட்டம் படுத்திருக்கும். கயிற்றில் கட்டிய மான் குளம்பை மாமா அந்தப் பனிக்குள் இழுத்துக்கொண்டு மறைவார். தக்காளி சோஸ் போத்தலில் இருந்து ஆட்டு இரத்தம் துளித்துளியாக விடுவார். பிறகு திரும்பி வந்து தேத்தண்ணி குடிப்பார். தடம் பழசாக வேண்டுமாம். முதலில் அரைமணி, பிறகு மூன்று மணி, பிறகு ஓர் இரவு. அதன்பிறகு முருங்கையின் கழுத்தில் நீளக் கயிறு பூட்டி, “தேடு” என்று மெதுவாகச் சொல்வார். அது தலையைக் குனிந்து போகும். மாமா அதன் பின்னால், ஒருநாளும் இழுக்காமல், ஒருநாளும் அவசரப்படுத்தாமல் போவார். இருவரும் பனிக்குள் கரைந்துபோவதை வேலியருகே நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

தடத்தின் முடிவில் ஒரு துண்டு ஈரல் கிடைக்கும். வெள்ளிக்கிழமையில்தான் சிக்கல். வெட்டித் துண்டாக்கிய ஈரலோடு மாமா குசினி வாசலில் நின்றபோது அம்மா கதவைத் திறக்கவில்லை. வேட்டை பழகுகிற நாய்க்கு என்ன விரதம் என்று மாமா வெளியே நின்றபடி கேட்டார். அம்மா அசையவில்லை. கடைசியில் சமாதானமாக ஒரு தட்டில் உளுந்து வடை வந்தது. நாய்க்கு வெங்காயம் ஆகாது என்பதால் வெங்காயம் போடாத வடை. குளம்பு வெளியே கராஜில் இருந்தபடியால் அதற்குத் தடையில்லை. தடத்தின் முடிவில் மட்டும் வடை. முருங்கை அதைத் தின்றுவிட்டு நெடுநேரம் புல்லை நக்கிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் அது காலையிலேயே குசினிக் கதவடியில் உட்கார்ந்துவிடும்.

அப்பா விடுவாரா? மரையின் முழங்கால்வரைகூட இல்லாத நாய், குரைக்கவும் தெரியாது, வடை வேறு தின்கிறது. நாய் வேஷம் போட்டால் குரைக்கத்தானே வேண்டும் என்று பகிடி பண்ணினார். செத்துப்போகிற மரையைத் தேடிப் பிடித்து என்ன காணப்போகிறாய் என்றும் கேட்டார். இந்த முறை மாமா சிரிக்கவில்லை.

“செத்தாலும் பரவாயில்லை அத்தான். எங்கை கிடக்குதெண்டு தெரியவேணும்.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பேச்சில் அப்பா தோற்றதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் வீட்டில் இன்னொரு மாமாவும் இருந்தார், படத்தில். சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. போரின் கடைசி நாட்களில் வன்னியில் மாமாவோடு இருந்தவராம், பிறகு ஒருவரும் அவரைக் காணவில்லையாம். அம்மம்மா, அம்மப்பா படங்கள் சாமி அறையில் மாலையோடும் பொட்டோடும் இருந்தன. சின்ன மாமாவின் படம் மட்டும் குசினிக்குப் போகிற வழிச் சுவரில், மாலை இல்லாமல் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அவருக்கு மாலை போடுவதில்லை என்று மட்டும் அம்மா சொன்னார். வடிவான சேட்டுப் போட்டிருக்கிறார், மாலை போட்டால் கொலர் மறைந்துவிடும், அதனால்தான் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

வசந்தம் வந்தது. செரி மரங்கள் பூத்தன. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் தோட்டத்தில் போய் இறங்கியபோது வெடிச் சத்தம் கேட்டது. முதலாளி சுட்டது பட்டிருக்கிறது. ஆனால் மரை பள்ளத்துக்குள் ஓடிப்போய்விட்டது. உடனே பின்னால் போகக்கூடாதாம், போனால் இன்னும் தூரம் ஓடுமாம். இரத்தம் கண்ட முதல் இடத்தில் மாமா ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு வந்தார். விடிந்ததும் முருங்கையை விடுவது என்று பேசிக்கொண்டார்கள். இனி அது தோட்டத்திலேயே இருக்க வேண்டிய நாய் என்று முதலாளி சொல்லியிருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது அப்பா, நாளைக்குச் சரிவராவிட்டால் முதலாளி வேறு நாய் எடுப்பார், இந்த வடை தின்னி எங்களோடேயே இருக்கட்டும் என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

ஓடிப்போய்விட்டது என்றால் தப்பிவிட்டது என்றுதான் எனக்கு அர்த்தம். தப்பிய மரையைக் கண்டுபிடித்தால் மரைக்கும் நட்டம், முருங்கையை இழக்கிற எனக்கும் நட்டம்.

விடியும் நேரத்தில், ஒருவரும் எழும்பமுதல், அம்மாவின் டப்பாவிலிருந்து மூன்று வடைகளை எடுத்தேன். ஒன்றை என் காலுறைக்குள் போட்டு முடிந்தேன். வெளியே வந்தால் மூட்டம். எதிரே நீட்டிய என் கையே மங்கலாகத் தெரிந்தது. சிவப்பு நாடாவைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து காலுறையைப் புல்லில் இழுத்துக்கொண்டு ஓடைப் பக்கமாக இறங்கினேன். மாமா இழுப்பதைப் பலமுறை பார்த்தவள் அல்லவா? வளைத்து வளைத்துத்தான் இழுத்தேன். பூ இதழ்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தன. பள்ளத்தைத் தாண்டும்போது, பெரிய பன்னச் செடிகளின் புதருக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் ஒன்று வந்தது. நீளமான, கனமான மூச்சு. நின்று கேட்டேன். மலை நித்திரை கொள்கிறது என்று நினைத்தேன். எழுப்பிவிடக்கூடாதென்று விரல் நுனியில் நடந்து போனேன். ஓடையருகே விழுந்து கிடந்த மரத்தில் மற்ற இரண்டு வடைகளையும் வைத்துவிட்டு வந்து, போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

ஏழு மணிக்கு முருங்கை நாடாவடியில் நின்றது. முதலாளியும் வந்திருந்தார். மாமா “தேடு” என்றார். அது பள்ளத்தின் பக்கமாகப் பத்தடி போனது. நின்றது. தலையைத் தூக்கியது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு, கிரெய்கிபர்னின் அத்தனை வெள்ளிக்கிழமைகளையும் மூக்கில் ஏந்திக்கொண்டு, நேரே ஓடைக்கு இறங்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா விழுந்த மரத்தின் முன்னால் நின்றார். கையில் ஒரு வடை. மற்றது நாயின் வாயில். முதலாளி பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். மாமா என்னைப் பார்த்தார். என் ஒரு காலில் காலுறை இல்லை. அவர் வடையை இரண்டாகப் பிய்த்துப் பாதியை நாய்க்குக் கொடுத்தார். மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். முதலாளி வந்ததும், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பிழை நாயினுடையது அல்ல, தான்தான் பிழையாகப் பழக்கிவிட்டதாகச் சொன்னார்.

மூட்டம் போய் வெயில் வந்தது. திரும்பவும் நாடாவடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முருங்கை ஓடைப் பக்கமே இழுத்தது. அதைக் கட்டிவிட்டு மாமா தனியாகப் பள்ளத்துக்குள் இறங்கினார். அன்று முழுவதும் வரவில்லை. ஞாயிறும் போனார். நாங்கள் புறப்படும்போது கைகளெல்லாம் முள்ளுக் கீறலோடு வந்து, கார்க் கண்ணாடியைத் தட்டி, முருங்கையை என் மடியில் வைத்தார். “வைச்சிருங்கோ பிள்ளை” என்றார். அவருக்குக் கோபம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பன்னங்களுக்குள் கேட்ட மூச்சைப் பற்றி நான் சொல்லவில்லை. மலையின் மூச்சை யாரிடம் போய்ச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தில் சிவப்பு மண். அம்மா குசினியில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். மாமா வாசலில் நின்றபடியே சொன்னார்.

“கண்டிட்டன் அக்கா. நாடா கட்டின இடத்திலை இருந்து அவ்வளவு தூரமில்லை. மண் போட்டு மூடிப்போட்டு வாறன்.”

அம்மா கத்தியை வைத்தார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். மாமா வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவருடைய தலையில் கையை வைத்தார், அவ்வளவு பெரிய மனிதரின் தலையில். மேலே சுவரில் சின்ன மாமா தன் வடிவான சேட்டோடு, மாலை இல்லாமல் இருந்தார்.

எனக்குப் பயமாகிவிட்டது. வடை திருடியது தெரிந்துவிட்டதோ என்று முருங்கையைக் கட்டிப்பிடித்தபடி கிட்டப் போய், மரைக்காகவா அழுகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா என்னையும் நாயையும் பார்த்தார்.

“ஓம் பிள்ளை. மரைக்குத்தான்” என்றார்.

நான் நம்பினேன். ஆட்டிறைச்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மரைக்காக இப்படி அழுகிற இளகிய மனசு என் அம்மாவுக்கு என்று, அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.