தித்தித்த ரசம்

புளி ரசம் தித்திக்குமா என்று கேட்டால் இன்றைக்கு யாரும் சிரிப்பார்கள். என் வீட்டு ரசம் தித்தித்தது. வெல்லம் போட்ட தித்திப்பு இல்லை. புளியை எவ்வளவு கூட்டிக் கரைத்தாலும் பல் கூசாது. தொண்டைக்குள் இறங்கும்போது மெல்ல ஒரு இனிப்பு எழும். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சோற்றுக்கு முன் அதைத்தான் கேட்பார். கையைக் குவித்து வாங்கி இரண்டு வாய் குடித்த பிறகுதான் காலே கழுவுவார். கிறுக்கு மனுஷன். அந்த ருசி எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. அது என்ன செய்தது என்று தெரிந்த பிறகும் வேண்டியிருக்கிறது. நாக்குக்கு ஏது புத்தி?

குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் தங்கச் சுரங்கம் இருந்த ஊரிகத்துக்கு வந்தபோது அங்கே ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாம் வீட்டிலிருந்து ‘நூறு’ என்பார்கள். மில்லில் கல்லை நொறுக்கும் இரும்பு உலக்கைகள் ராப்பகலாக இடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

என் வீட்டுக்காரர் கேஜ் என்கிற கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் இல்லை. மேலே அசே ரூமில் உலை பார்க்கிறவர். கீழிருந்து வரும் கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதிக்கிற இடம் அது. கல்லைப் பொடித்து ஈயத்தோடு சேர்த்து உருக்குவார்கள். தங்கமெல்லாம் ஈயத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த ஈயத்தை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலையில் தள்ளினால், ஈயத்தைச் சாம்பல் குடித்துவிடும். கிண்ணத்தின் நடுவில் கடுகு மாதிரி தங்கம் மட்டும் நிற்கும். இதை அவர் என்னிடம் சொன்னார். நான் சும்மா இருக்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

“இன்னாமே சொல்றே? ஈயம் தங்கத்தப் பெத்துப் போடுதா?” என்றாள் அக்கா.

அவ்வளவுதான், லைன் முழுக்க அதே பேச்சு. தங்கத்தையே வயிற்றில் வைத்திருந்து பெற்றுப்போடுகிற ஈயம் என்றால், அதில் பொங்கித் தின்கிறவள் வயிறு சும்மா இருக்குமா? சொந்த ஊர் என்றால் பிள்ளை இல்லாதவள் சுற்றிவர அரசமரம் இருந்தது. இங்கே மரமே இல்லை. இருந்ததையெல்லாம் வெட்டிச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. கண்ணுக்கு எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தானே நம்ப முடியும்?

மில் கேட்டில் காவல்காரர்கள் ஆண்களின் குடுமியை அவிழ்த்துப் பார்ப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள். எல்லாம் தங்கத்துக்காக. ஈயத் தகட்டில் நறுக்கிப்போட்ட ஓரங்கள் அவர்களுக்குக் குப்பை. மேஸ்திரியே ‘எடுத்துக்கினு போ’ என்று அள்ளிக் கொடுப்பார். நான் கேட்டு அவர் கொண்டுவந்ததோடு கொஞ்சம் வெள்ளீயம் கலந்து, சந்தைக்கு வரும் பாத்திரக்காரர் சொம்பு வார்த்துக் கொடுத்தார். ஊரில் அம்மா வைத்திருந்த ஈயச் சொம்பு முழுக்க வெள்ளீயம், பளபளவென்று இருக்கும். இது மங்கலாக, தூக்கினால் கை இறங்கும் கனமாக இருந்தது. கனத்தைப் பார்த்து நாங்கள் பூரித்துப்போனோம். அடுப்பில் கொஞ்சம் அசந்தாலும் சட்டென்று உருகாது என்பதும் பெருமைதான்.

கல்யாணமாகி வருஷம் திரும்பியும் எனக்கு ஒன்றும் இல்லாமலிருந்தது. சொம்பு வந்தது, சீக்கிரமே நான் தலைமுழுகாமல் இருந்தேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, “பாத்தியா?” என்றாள். அவரோ மேஸ்திரிக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். ஐந்தாம் மாதம் கலைந்தது. அக்கா அழுதாள். பிறகு, “ஒடம்புக்கு இன்னும் பத்தல, நல்லா ரசம் வெச்சுக் குடி” என்றாள். குடித்தேன். மறுபடி உண்டாகி, மறுபடி போனது. இரண்டையும் அவர் லைனுக்குப் பின்னால் ஓர் ஆவாரஞ்செடி ஓரமாகப் புதைத்தார். தினமும் தண்ணீர் பிடிக்கப் போகும்போது குடத்தை இறக்கிவைத்து அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். யாராவது வந்தால் காலில் முள் குத்தியதாகச் சொல்வேன்.

மூன்றாவது முறை எனக்கு நாலாம் மாதம் நடக்கும்போதுதான் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் லைனுக்கு வந்தார். எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறதென்று போய் நின்றதால், வெள்ளைக்கார டாக்டர் அவரை அனுப்பியிருந்தார். வீடு வீடாக வந்து, “ஒதட்டத் தூக்கிக் காட்டுங்க” என்றார். ஈறு ஓரத்தில் நீலக் கோடு இருக்கிறதா என்று பார்த்தாராம்.

“மாடு புடிக்க வந்தவன் மாதிரி பல்லப் பாக்கறான்” என்று அக்கா முகத்துக்கு எதிரிலேயே சொன்னாள். மனுஷன் கோபப்படவில்லை.

மறுநாள் தமுக்கு அடித்தார்கள். ஈயச் சொம்பு, ஈயம் பூசிய பித்தளை எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளைத் துணியில் உரசிப் பார்ப்பார்கள். கறுப்பாகக் கோடு விழுந்தால் பாத்திரம் திரும்பி வராது. இனிமேல் சுரங்கக் குடியிருப்பில் விற்கிற சொம்புக்கு முத்திரை வேண்டும். ஈயம் பூச வருகிறவர் முதலில் தன் கட்டியை அங்கே உரசிக் காட்ட வேண்டும். நான் சொம்பை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். வயிற்றில் இருப்பதை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கொடுத்துவிட்டு எதை நம்பி மீதி மாதங்களைத் தள்ளுவது?

கொண்டுவராதவர்கள் வீட்டுக்குக் கம்பவுண்டரே வந்தார். என் வயிற்றைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். சொம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஏம்மா, ஒங்க வீட்டு ரசம் தித்திக்குமா?” என்றார்.

என் வீட்டு அடுப்பங்கரை ருசி இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

“இது வெள்ளீயம் இல்ல, காரீயம். புளி அதத் தின்னுதும்மா. அது ரசத்துல எறங்குது. அதான் அந்த இனிப்பு. அது உள்ள போனா வயித்துல புள்ள நிக்காது.”

உன் வாயில் மண் விழ என்று திட்டி அனுப்பினேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரே புளியைக் கரைத்து, பாதியை மண்சட்டியிலும் பாதியைச் சொம்பிலும் கொதிக்கவைத்தேன். மண்சட்டி ரசம் கண்ணைச் சுருக்கவைக்கும் புளிப்பு. சொம்பிலிருந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். தித்தித்தது. அன்றைக்கும் எவ்வளவு நன்றாக இருந்தது! அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு, சுடச்சுடச் சொம்பைப் புடவையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். துணியில் பட்டையாகக் கறுப்புக் கோடு விழுந்தது. சொம்பு குவியலில் போய் விழுந்த சத்தம் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொம்புக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். காலைக் கழுவாமல் வாசலிலேயே நின்றார்.

“நான் கொண்டாந்த ஈயம்” என்றார்.

“நான் கேட்டேன், நீங்க கொண்டாந்தீங்க. ரெண்டு பேருக்குந்தான் தெரியாது. உள்ள வாங்க” என்றேன்.

வந்தார். ஆனால் அன்றிலிருந்து சாகும்வரை அவர் ரசம் கேட்கவில்லை. மோர் ஊற்றச் சொல்வார். ஷிஃப்ட் முடிந்து வந்து கையைக் குவித்து நிற்பாரே, அந்த நிற்பை ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்று வருஷக்கணக்கில் ஏங்கினேன். பக்கத்திலேயே இருந்த மனுஷனுக்காக ஏங்குவது பெரிய கொடுமை.

அந்த ஆவாரஞ்செடியும் இப்போது இல்லை. தங்கம் எடுத்த பிறகு மில் கொட்டுகிற வெள்ளை மண் மேடாக வளர்ந்து அந்த இடத்தை மூடிவிட்டது. காற்று வீசினால் அந்த மண் வீட்டுக்குள் வந்து தட்டில் படியும். மற்றவர்கள் அலுத்துக்கொண்டு துடைப்பார்கள். நான் உடனே துடைக்க மாட்டேன்.

வயிற்றில் நின்ற மூன்றாவது, பெண். வளர்ந்து பக்கத்துச் சுரங்கமான நந்திதுர்க்கில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டில் இருப்பது முத்திரை குத்திய சொம்பு. அடுப்பில் வைக்கும் முன் அதையும் ஒருமுறை வெள்ளைத் துணியில் உரசிப் பார்ப்பாள். நான்தான் பழக்கினேன். போன வாரம் போயிருந்தபோது ரசம் ஊற்றினாள். வாயில் வைத்ததும் பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இன்னாம்மா, ரொம்பப் புளிக்குதா?” என்றாள்.

“புளிக்குது” என்றேன். “இன்னும் கொஞ்சம் ஊத்து.”